இரண்டு துறை, ஒரே எண்: வாசகர் கேள்விகள்

கேள்வி: ஆய்வுக் கட்டுரைகளைத் திரட்டித் தரும் கூகுள் ஸ்காலர் தளத்தில், அறிவியலாளர் ஒருவரின் பக்கத்தில் நிறமாலையியல் (பொருள்கள் ஒளியை உறிஞ்சும், உமிழும் விதத்தை அளக்கும் துறை) கட்டுரைகளும் அவசர சிகிச்சை மருத்துவக் கட்டுரைகளும் கலந்திருக்கின்றன. மேலே, மேற்கோள்களைக் கொண்டு கணக்கிடும் எச்-இன்டெக்ஸ் 31 என்று இருக்கிறது. ஒளியை அளப்பவருக்கும் அவசர சிகிச்சைக்கும் என்ன சம்பந்தம்? இந்த எண்ணை வைத்து அவருடைய ஆய்வை எடைபோடலாமா?

பதில்: சம்பந்தம் விரல் நுனியிலேயே இருக்கிறது. பல்ஸ் ஆக்ஸிமீட்டர் ஏறக்குறைய 660 நானோமீட்டர் சிவப்பு ஒளியையும் 940 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியையும் விரலுக்குள் செலுத்துகிறது. ஆக்ஸிஜன் ஏறிய ஹீமோகுளோபினும் ஏறாத ஹீமோகுளோபினும் அவற்றை வெவ்வேறு அளவில் உறிஞ்சுவதைக் கொண்டு ரத்தத்தின் ஆக்ஸிஜன் செறிவைக் கணக்கிடுகிறது. ஜப்பானியப் பொறியாளர் டக்குவோ அயோயாகி 1974-இல் முன்வைத்த இந்த முறை அடிப்படையில் நிறமாலையியல்தான். தீ விபத்தில் புகையைச் சுவாசித்தவரிடம் இதே கருவி ஏமாந்துபோகும். கார்பன் மோனாக்சைடு பற்றிக்கொண்ட ஹீமோகுளோபின், சிவப்பு ஒளியைப் பொறுத்தவரை ஆக்ஸிஜன் ஏறியதைப் போலவே நடந்துகொள்வதால், திசுக்கள் ஆக்ஸிஜனின்றித் தவிக்கும் நிலையிலும் திரையில் 98 என்று காட்டக்கூடும். அங்கேதான் கூடுதல் அலைநீளங்களில் அளக்கும் கோ-ஆக்ஸிமீட்டர் தேவைப்படுகிறது. ஆகவே ஒருவர் இரு துறைகளிலும் எழுதுவதில் வியப்பில்லை.

அவர் ஒருவர்தானா என்பதை மட்டும் முதலில் பார்த்துவிடுங்கள். தரவுத்தளங்கள் கட்டுரைகளைத் தாமாகவே திரட்டும்போது, ஒரே முதலெழுத்தும் ஒரே பெயரும் கொண்ட இருவரை ஒருவராக்கிவிடுவது அடிக்கடி நடப்பதுதான். இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கவே 2012 முதல் ஆய்வாளர்களுக்கு ஆர்கிட் என்னும் 16 இலக்க அடையாள எண் வழங்கப்படுகிறது. இணை ஆசிரியர்கள், நிறுவனம், ஆண்டு ஆகிய மூன்றும் இரு துறைக் கட்டுரைகளிலும் எங்குமே ஒன்றையொன்று தொடவில்லை என்றால் சந்தேகப்படலாம்.

ஒருவரேதான் என்று உறுதியானால், இனி அந்த 31-க்கு வருவோம். இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் 2005-இல் முன்மொழிந்த அளவு இது. தலா குறைந்தது 31 மேற்கோள்கள் பெற்ற, அதாவது பிற கட்டுரைகளில் அத்தனை முறை சுட்டப்பட்ட, 31 கட்டுரைகள் அவருக்கு உண்டு என்பதே இதன் பொருள். கட்டுரைகளை மேற்கோள் எண்ணிக்கையின்படி இறங்குவரிசையில் அடுக்கினால் 40, 22, 9, 5, 4, 1 என்று வருவதாக வைத்துக்கொள்வோம். நான்காவது கட்டுரைக்கு 5 மேற்கோள்கள் உள்ளன. ஐந்தாவதற்கு 4 மட்டுமே. எனவே எச்-இன்டெக்ஸ் 4. வேடிக்கை என்னவென்றால், 3,000 மேற்கோள் பெற்ற ஒரு கட்டுரையும் வேறு இரண்டு சாதாரணக் கட்டுரைகளும் எழுதியவர் 3-ஐத் தாண்ட முடியாது. தலா 20 மேற்கோள் பெற்ற 20 கட்டுரைகளை எழுதியவருக்கோ 20 கிடைத்துவிடும். மேலும், இந்த எண் வழக்கமாக இறங்குவதில்லை. எனவே வயதில் மூத்தவருக்கு அது எப்போதும் சாதகமானது.

இரு துறைகளைக் கலக்கும்போது சிக்கல் இன்னும் கூடுகிறது. மேற்கோள் காட்டும் பழக்கம் துறைக்குத் துறை மாறும். பல மருத்துவமனைகள் சேர்ந்து நடத்தும் ஆய்வில் ஆசிரியர் பட்டியல் நீளும். அதில் நடுவில் நிற்பவருக்கும் முழு மேற்கோளும் கணக்கில் சேரும். ஒரு கருவியின் அளவீட்டைச் சீர்செய்து இருவர் எழுதும் நிறமாலையியல் கட்டுரைக்கு வாசகர்களே குறைவு. இரண்டையும் கூட்டி வரும் எண் எந்தத் துறைக்கும் பொருந்தாத எண். அதனால்தான் மேற்கோள்களை அதே துறையில், அதே ஆண்டில், அதே வகைக் கட்டுரைகளின் உலகச் சராசரியால் வகுத்துப் பார்க்கிறார்கள். 1 என்றால் சராசரி, 2 என்றால் இரட்டிப்பு.

இதிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. 1951-இல் ஆலிவர் லோரியும் சக ஆய்வாளர்களும் புரதத்தின் அளவை நீல நிறத்தின் அடர்த்தியைக் கொண்டு கணக்கிடும் முறையை வெளியிட்டனர். அது 3 லட்சத்துக்கும் மேற்பட்ட மேற்கோள்களைப் பெற்று முதலிடத்தில் நிற்கிறது. ஆனால் அதை மகத்தான கட்டுரையாக லோரியே கருதவில்லை. பலருக்கும் பயன்பட்டது, அவ்வளவுதான். அதே கணக்கில், ஒரு முடிவு தவறு என்று சுட்டிக்காட்டுபவரும் அக்கட்டுரையை மேற்கோள் காட்டித்தான் ஆக வேண்டும். நான் உங்கள் இடத்தில் இருந்தால், அந்த அறிவியலாளர் முதல் அல்லது கடைசி ஆசிரியராக (பெரும்பாலும் ஆய்வைச் செய்தவராக அல்லது வழிநடத்தியவராக) உள்ள கட்டுரைகளில் மூன்றை எடுத்துக்கொண்டு, நிறமாலையியலில் அவர் கண்டதை மருத்துவர்கள் யாரேனும் எடுத்து நோயாளிகளிடம் சோதித்திருக்கிறார்களா என்று பார்ப்பேன். ஒரு துறையிலிருந்து மறு துறைக்குத் தாண்டிய அத்தகைய பத்து மேற்கோள்கள், 31 என்ற எண்ணை விட எனக்கு அதிகம் சொல்லும்.

கேள்வி: அவர் எழுதும் ஆய்விதழ்களின் இம்பாக்ட் ஃபாக்டரைப் பார்த்தால் போதாதா?

பதில்: போதாது. அது இதழின் எண்; ஆளின் எண் அல்ல. முந்தைய இரண்டு ஆண்டுகளில் வந்த கட்டுரைகள் இந்த ஆண்டு பெற்ற மேற்கோள்களை, அக்கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைக்கும் சராசரி அது. சில கட்டுரைகள் மட்டுமே அந்தச் சராசரியை உயர்த்திவிட, மற்றவை அதன் நிழலில் நிற்கும். கட்டுரை வெளியான இதழைக் கொண்டு ஆய்வாளரை மதிப்பிட வேண்டாம் என்று, 2012-இல் சான் பிரான்சிஸ்கோவில் உருவான டோரா பிரகடனம் கேட்டுக்கொண்டதற்கு இதுவும் ஒரு காரணம்.