வாத்தியார் யாருடைய கையாள்?

கேள்வி: சத்தீஸ்கர் மாநிலத்தின் பஸ்தரில் தேர்தலைப் புறக்கணியுங்கள் என்று மாவோயிஸ்டுகள் வெளிப்படையாகவே சொல்கிறார்கள். அதையும் மீறி அங்கே தேர்தல் நடத்தப் போகிறவர்கள் அரசின் கையாட்கள்தானே? அவர்கள் தாக்கப்பட்டால் மட்டும் ஏன் இவ்வளவு கூப்பாடு?
- வாசகர் ஒருவர், ஈரோடு

பதில்: யாரைக் கையாள் என்கிறீர்கள்? பள்ளிக்கூட வாத்தியாரையா? தேர்தல் பணி ஆணை பள்ளிக்கே வந்துவிடும். கையெழுத்துப் போட்டு வாங்கியாக வேண்டும், மறுத்தால் நடவடிக்கை. சர்க்கரை, மூட்டுவலி என்று டாக்டர் சர்டிஃபிகேட்டோடு கலெக்டர் ஆபீஸுக்கு நடையாய் நடப்பவர்கள் உங்கள் ஈரோட்டில் இல்லையா? வெயிலுக்கும் கொசுக்கடிக்குமே இந்தப் பாடு. பஸ்தர் ஆசிரியர் மட்டும் ஆசைப்பட்டா காட்டுக்குள் போகிறார்?

2014 மக்களவைத் தேர்தலில் பஸ்தர் தொகுதிக்கு வாக்குப்பதிவு ஏப்ரல் 10. இரண்டு நாள் கழித்து, வேலை முடிந்து பேருந்தில் திரும்பிய தேர்தல் பணியாளர்களை பிஜாப்பூர் மாவட்டத்தில் கண்ணிவெடி வைத்துத் தாக்கினார்கள். 7 பேர் இறந்தார்கள். ஓட்டுப் போட்டு முடிந்த பிறகு எந்தத் தேர்தலைத் தடுக்க இந்த வெடி? பிற்பாடு மாவோயிஸ்டுகள் வருத்தம் தெரிவித்தார்கள். பாதுகாப்புப் படை என்று நினைத்துவிட்டார்களாம்! உள்ளே இருப்பது யார் என்று தெரியாமலே வெடிக்க வைத்ததற்கு இதைவிட நல்ல வாக்குமூலம் வேண்டுமா?

அரசு யோக்கியம் என்று நான் சொல்ல வரவில்லை. அதே நாளில் பஸ்தரின் தர்பா பக்கம் மாவோயிஸ்டுகளின் கண்ணிவெடியில் ஓர் ஆம்புலன்ஸும் சிதறியது. அதில் மத்திய ரிசர்வ் போலீஸ் படை (சி.ஆர்.பி.எஃப்.) வீரர்கள் ஏறி வந்தார்கள். ஆம்புலன்ஸைப் படைவண்டி ஆக்கியது தப்புதான். ஆனால் அந்த ஓட்டுநரும் மருத்துவ உதவியாளரும் என்ன செய்தார்கள், சாவதற்கு?

2019 ஏப்ரல் 17, ஒடிசாவின் கந்தமால். மறுநாள் வாக்குப்பதிவு. வாக்குச்சாவடிக் குழுவோடு போய்க்கொண்டிருந்த பெண் அதிகாரி ஒருவர், சாலையில் ஏதோ சந்தேகமாகக் கிடக்கிறதே என்று வண்டியை விட்டு இறங்கிப் பார்த்தார். மாவோயிஸ்டுகள் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அதே மாவட்டத்தில் அதே நாளில் இன்னொரு தேர்தல் வண்டியை மறித்து, ஆட்களை இறக்கிவிட்டு, வண்டிக்கு மட்டும் தீ வைத்தார்கள். ஆக, ஆளைக் கொல்லாமலும் எதிர்ப்பைக் காட்ட அவர்களுக்குத் தெரியும்.

புறக்கணிப்பு என்பது வாக்காளர் தானாக எடுக்கும் முடிவு. வீட்டில் இருக்கலாம், 2013 முதல் நோட்டாவும் இருக்கிறது. 2018 சத்தீஸ்கர் சட்டமன்றத் தேர்தலின்போது, பஸ்தர் பகுதியின் தந்தேவாடா கிராமங்களில் என்ன கேட்டார்கள் தெரியுமா? ஓட்டுப் போடுகிறோம், விரலில் மட்டும் மை வைக்காதீர்கள் என்றார்கள். மை தெரிந்தால் விரல் இருக்காது என்ற பயம். நீங்கள் சொல்லும் புறக்கணிப்பு அங்கே இப்படித்தான் நடக்கிறது, ஐயா.