ஆட்காட்டியின் முட்டைகள்: கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

நான் மட்டக்களப்பில் திராய்மடுவில் வசிக்கிறேன். ஒரு வருடமாகப் பறவை பார்க்கும் பழக்கம் பிடித்திருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் மாரியில் தண்ணீர் தேங்கும் வெறுங்காணியிலும் வாவிக்கரையிலும் காண்பவற்றைக் கைத்தொலைபேசியில் எடுத்து முகநூலில் போடுகிறேன். சென்ற வாரம் அந்தக் காணியில் ஆட்காட்டி நான்கு முட்டை இட்டிருப்பதைக் கண்டேன். தாய்ப்பறவை தலைக்கு மேலே கத்திக்கொண்டு சுற்றியது. நடுப்பகல் வெயிலில் அரைமணி நேரம் பொறுத்திருந்து முட்டைகளை மிக அருகில் எடுத்தேன். படத்துக்கு நல்ல வரவேற்பு. மறுநாள் நண்பர்களையும் கூட்டிச்சென்று காட்டினேன். இன்னும் நல்ல படங்கள் எடுக்க எந்தக் கமரா வாங்கலாம்? குளத்தில் இலைமேல் நடக்கும் வால் நீண்ட பறவை எது? அரிய பறவைகளைக் காணக் குமணவுக்குத்தான் போகவேண்டுமா?

க., திராய்மடு

அன்புள்ள தம்பி,

சித்திரை நெருங்கும்போதெல்லாம் கூடுகளின் படங்களும் முட்டைகளின் படங்களும் எனக்கு வந்து குவிகின்றன. அனுப்புகிறவர்கள் எல்லோரும் பறவைகளை நேசிக்கிறவர்கள் என்பதுதான் என்னைச் சில நாட்களாக அலைக்கழிக்கிறது. அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்ததால் உடனே எழுதுகிறேன்.

கமராவைப் பற்றி எனக்குச் சொல்ல எதுவும் இல்லை. அந்தப் பணத்தில் எட்டு மடங்கு பெரிதாக்கும், 42 மில்லிமீற்றர் முகப்புக் கண்ணாடி கொண்ட ஒரு தொலைநோக்கியை வாங்குங்கள். இலைமேல் நடந்தது நீளவால் இலைக்கோழி. அந்த வால் இனப்பெருக்க காலத்தில் மட்டுமே அப்படி நீண்டிருக்கும். பெண் முட்டையிட்டுவிட்டு அடுத்த ஆணைத் தேடிப் போய்விட, அடைகாத்துக் குஞ்சுகளை வளர்ப்பது முழுக்க ஆண்பறவைதான். குமண 1938 இலேயே பறவைகள் சரணாலயமாக்கப்பட்ட இடம்; ஒருமுறை போய் வாருங்கள், அவ்வளவுதான்.

இனி அந்த நான்கு முட்டைகளுக்கு வருகிறேன்.

ஆட்காட்டி கூடு கட்டுவதில்லை. நிலத்தில் சிறிய பள்ளமொன்றைக் கிளறி, சிறுகற்களைச் சுற்றிவரச் சேர்த்து, மண்ணின் நிறமும் கரும்புள்ளிகளும் கொண்ட முட்டைகளை வெட்டவெளியில் இடுகிறது. அவற்றுக்கு மரமோ புதரோ தராத பாதுகாப்பைத் தருபவை இரண்டு மட்டுமே: முட்டைகள் எவர் கண்ணுக்கும் தெரியாமல் மண்ணோடு மண்ணாகக் கிடப்பது ஒன்று, தாயும் தகப்பனும் மாறிமாறி அவற்றின்மேல் இருப்பது மற்றொன்று. எங்கள் ஊர் வெயிலில் அடைகாத்தல் என்பது சூடேற்றுவதற்காக மட்டும் நடப்பதல்ல. பகலில் அந்தப் பறவை நிழலாக நிற்கிறது. தண்ணீரில் வயிற்று இறகுகளை நனைத்து வந்து முட்டைகளைக் குளிரவைக்கிறது. இதை ஏறக்குறைய நான்கு கிழமைகள் செய்தால்தான் குஞ்சு வெளிவரும். இப்போது சொல்லுங்கள், நடுப்பகலில் நீங்கள் பொறுத்திருந்த அந்த அரைமணி நேரம் யாருடைய நேரம்? தலைக்கு மேலே கத்திச் சுழன்ற அந்தப் பறவை அவ்வளவு நேரமும் முட்டைகளுக்கு நிழல் கொடுக்க முடியாமல் தவித்துக்கொண்டிருந்தது. கொதிக்கும் மணலில் திறந்து கிடந்த முட்டைக்குள் இருக்கும் உயிர் எவ்வளவு சூட்டைத் தாங்கும் என்று ஒரு கணமாவது யோசித்தீர்களா?

மறுநாள் நண்பர்களைக் கூட்டிச்சென்றது அதைவிடப் பெரிய பிழை. காகம் மனிதரைக் கவனிக்கும் பறவை. நீங்கள் ஓரிடத்தில் குனிவதையும், அந்த இடத்தை நெருங்கும்போது ஆட்காட்டியின் கத்தல் உச்சத்துக்குப் போவதையும் அது வேலிக்கம்பியில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கும். நீங்கள் திரும்பியதும் அது இறங்கும். பலர் நடந்து பதிந்த தடத்தில் நாயும் வரும். 1937 ஆம் ஆண்டின் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் முட்டையை எடுக்கும் கையைத் தடுக்கிறது. படம் எடுக்கும் கையைத் தடுக்க அதனால் முடியாது. அதை நீங்கள்தான் தடுக்க வேண்டும்.

என் பெரியப்பா வெல்லாவெளிப் பக்கம், நவகிரிக் குளத்துத் தண்ணீரை நம்பிச் சிறுபோகம் செய்தவர். பறவைகளைப் பற்றி அவர் எதையும் வாசித்தவரல்லர். உழவுக்கு முன் வட்டையை, அதாவது வயல்வெளியை, சுற்றிவரும்போது ஆட்காட்டி கத்தும் விதத்தைக் கேட்டே முட்டை எந்தப் பக்கம் கிடக்கிறது என்று அறிந்துகொள்வார். அந்த இடத்தைச் சுற்றி ஒரு பாயளவு நிலத்தை உழாமல் விட்டுவிடுவார். உழவு இயந்திரம் ஓட்ட வந்தவர் ஒருமுறை, இடம் தவறாமல் இருக்கப் பக்கத்தில் ஒரு கம்பை நட்டுவைக்கலாமே என்று கேட்டார். பெரியப்பா மறுத்துவிட்டார். கம்பு நட்டால் காகம் முதலில் வந்து அதில்தான் உட்காரும் என்றார். பதிலாக, வயல் குடிசையான வாடியின் முகட்டையும் தொலைவில் நின்ற ஒற்றைப் பனையையும் ஒரே கோட்டில் வைத்து, வரம்பிலிருந்து இத்தனை காலடி என்று மனத்தில் குறித்துக்கொண்டார். முட்டை பொரித்ததா என்று பார்க்கவும் அவர் கிட்டப் போனதில்லை. பொரித்த குஞ்சுகள் விரைவிலேயே நடந்து வெளியேறிவிடும் என்பதால், ஆட்காட்டி வேறு மூலையில் நின்று கத்தத் தொடங்கியதும் அவருக்கு விளங்கிவிடும். அன்றுதான் அந்தத் துண்டை உழச் சொல்வார். சிறுமியாக நான் எத்தனை முறை கெஞ்சியும் அந்த முட்டைகளை அவர் எனக்குக் காட்டவில்லை. அதற்காக அழுதிருக்கிறேன். இன்று அவர் மீது எனக்குள்ள மரியாதையில் பெரும்பங்கு அதிலிருந்து வந்தது.

உங்களைக் கடிந்துகொள்வது உங்கள் கண்ணின் அருமை தெரிந்ததால்தான், தம்பி. உங்கள் அயலில் எத்தனையோ பேர் அந்தக் காணியை மண் போட்டு நிரப்பவேண்டிய பள்ளமாக மட்டும் பார்க்கும்போது, நீங்கள் அங்கே ஒரு குடும்பம் வாழ்வதைக் கண்டுபிடித்திருக்கிறீர்கள். மாரி முடிந்தபின் அங்கே எத்தனை உள்ளான்கள் இறங்குகின்றன, வடக்கே திரும்பும் தகைவிலான் குருவிகளைக் கடைசியாக எந்த நாளில் கண்டீர்கள், கொக்குகளும் நீர்க்காகங்களும் மாலையில் வாவியின் எந்தப் பக்கம் போகின்றன என்றெல்லாம் திகதியிட்டு ஒரு கொப்பியில் எழுதுங்கள். அந்தக் காணிக்கு நாளை ஒரு டிப்பர் மண் வரும்போது பிரதேச செயலகத்தில் கொண்டுபோய்க் காட்டக்கூடியது அந்தக் கொப்பி ஒன்றுதான். ஒவ்வோர் ஆண்டும் சனவரியில் ஆசியா முழுவதும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. அதற்கும் உங்கள் குறிப்புகள் பயன்படும்.

முட்டைப் படத்தை இன்றே முகநூலிலிருந்து எடுத்துவிடுங்கள். காணி எங்கே இருக்கிறது என்று எழுதியிருந்தால் அதையும் அழித்துவிடுங்கள். நண்பர்களிடமும் சொல்லுங்கள். இன்னும் நான்கு கிழமைகளுக்கு அந்தப் பக்கம் போகவேண்டாம். உங்கள் வீட்டு மதிலருகில் நின்றே ஆட்காட்டி எந்த மூலையில் கத்துகிறது என்று தினமும் கவனித்து எழுதி, வைகாசி முடிந்ததும் அந்தக் குறிப்புகளை எனக்கு அனுப்புங்கள்.

அன்புடன்,
அக்கா