முகாமிலிருந்து வந்தவரை வேலைக்கு வைக்கலாமா?

கேள்வி: அம்பத்தூர் எஸ்டேட்டில் சின்னதாக ஒரு சி.என்.சி. (கம்ப்யூட்டரில் இயங்கும் கடைசல் மெஷின்) பட்டறை நடத்துகிறேன். மொத்தம் பதினான்கு பேர் வேலை செய்கிறார்கள், அதில் நான்கு பேர் ஒடிசாப் பையன்கள். 'ஆபரேட்டர் தேவை' என்று கேட்டில் போர்டு மாட்டி எட்டு மாதம் ஆகிறது. வருகிறவர்கள் ஒரு சம்பளம் வாங்கியதும் நின்றுவிடுகிறார்கள். இப்போது கும்மிடிப்பூண்டி இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து ஒரு பையன் வந்து கேட்டிருக்கிறான். வயது 26, மெக்கானிக்கல் டிப்ளமோ. முகாமிலேயே பிறந்தவனாம். பதினெட்டாயிரம் கொடுக்கிற வேலை, பதினைந்து என்றாலும் சரி என்பான் போலிருக்கிறது. ஆனால் பார்ட்னராக இருக்கும் என் மச்சான், "அகதியை வைத்தால் போலீஸ் வரும். நம்ம பசங்களுக்கே வேலை இல்லாதபோது இது எதற்கு?" என்கிறார். என் மனைவியோ, "பாவம், புண்ணியமாகப் போகும், வைத்துக்கொள்ளுங்கள்" என்கிறாள். என்ன செய்யட்டும்?
பெயர் வெளியிட வேண்டாம், அம்பத்தூர்.

பதில்: முதலில் அந்தப் பதினைந்தாயிரத்தைப் பேசிவிடுவோம். உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது போலீஸும் இல்லை, மச்சானும் இல்லை, போகிற போக்கில் நீங்கள் எழுதிய அந்த ஒரு வரிதான்.

அவர் ஏன் பதினைந்துக்குத் தலையாட்டுவார்? அரசு வேலை அவருக்குக் கிடையாது. இந்திய பாஸ்போர்ட் இல்லாததால் துபாய், சிங்கப்பூர் என்று கிளம்பவும் முடியாது. பெரிய கம்பெனிகளில் விண்ணப்பத்தை நிரப்பும்போது, குடியுரிமை என்ற கட்டத்துக்கு வந்ததும் ஆளை அனுப்பிவிடுவார்கள். டிப்ளமோவும் டிகிரியும் படித்துவிட்டுக் கடைசியில் பெயிண்டிங் வேலைக்குப் போகிறவர்கள் முகாம்களில் ஏராளம். இதெல்லாம் தெரிந்துதான் அவர் தலையாட்டுகிறார். வேலையின் மதிப்பு குறைந்ததால் இல்லை.

சரி, பதினைந்துக்கே வைத்துவிட்டீர்கள் என்று வையுங்கள். பட்டறையில் சம்பளம் ரகசியமாக இருக்குமா? முதல் சம்பளத்தன்று நாலு மணி டீக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும். அவருக்குத் தான் மலிவாகப் போனது தெரியும். பக்கத்து மெஷினில் நிற்கும் உள்ளூர்ப் பையனுக்கோ, தன் வேலையைப் பதினைந்துக்குச் செய்ய ஆள் இருக்கிறது என்பது தெரியும். அடுத்த முறை அவன் இன்கிரிமென்ட் கேட்க வரும்போது இது உங்கள் இருவர் மனதிலும் ஓடும். "இவனுங்க வந்துதான் நம்ம பொழப்பு போச்சு" என்ற பேச்சு அங்கேதான் பிறக்கிறது. அதைக் கிளப்பிவிடுவது வந்தவர் இல்லை, முதலாளி. பதினெட்டு கொடுத்தால் உங்கள் மச்சான் சொல்வது வெறும் பேச்சு. பதினைந்து கொடுத்தால் அது உண்மையாகிவிடும். குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் ஆளின் தேசம் பார்ப்பதில்லை.

மற்றபடி, உள்ளூர்ப் பையன்களுக்கு வேலை இல்லை என்று மச்சான் சொல்லும்போது உங்கள் கேட்டில் எட்டு மாதமாகத் தொங்கும் போர்டை ஒரு தடவை காட்டுங்கள். அம்பத்தூரில் எந்தத் தெருவில் திரும்பினாலும் அந்தப் போர்டுதான்.

உங்கள் மனைவியின் நல்ல மனசை மதிக்கிறேன். ஆனால் பாவம் பார்த்து ஆள் எடுத்தால், அவர் ஒரு ஜாபைக் கெடுக்கும்போது கண்டிக்கவும் வராது, ஓவர்டைம் பாக்கியைக் கேட்க அவருக்கு வாயும் வராது. அதனால் வேலையை வைத்தே முடிவு செய்யுங்கள். ஒரு ட்ராயிங்கைக் கையில் கொடுத்து அரை நாள் மெஷின் முன் நிறுத்துங்கள். ட்ராயிங்கில் டாலரன்ஸ், அதாவது அளவு எவ்வளவு கூடலாம் குறையலாம் என்ற வரம்பு, எங்கே இறுக்கமாக இருக்கிறது என்று முதலில் பார்க்கிறாரா? முதல் பீஸை வெர்னியரில் அளந்ததோடு விட்டுவிடுகிறாரா, இன்னும் நுட்பமாக அளக்க மைக்ரோமீட்டரைத் தேடுகிறாரா? பத்து இருபது மைக்ரான் அதிகமாக வந்தால், மெஷினில் அளவைத் திருத்தும் ஆஃப்செட்டைத் தானாகத் தட்டுகிறாரா, மெஷினை செட் செய்து தரும் உங்கள் செட்டரைக் கூப்பிட்டுக் கேட்கிறாரா? புது ஆள் கேட்பதுதான் எனக்குப் பிடிக்கும். அந்த அரை நாளுக்கும் கூலி கொடுத்துவிடுங்கள்.

இன்னொன்றும் கேட்டுப் பாருங்கள். கும்மிடிப்பூண்டியில் சிப்காட்டே வாசலில் இருக்கும்போது அவர் ஏன் இவ்வளவு தூரம் வருகிறார்? அங்கே காண்ட்ராக்டில் லோடிங், ஹெல்பர் வேலை கிடைத்திருக்கலாம். மெஷின் கிடைத்திருக்காது. தொழில் கற்க வந்தவர் என்றால் உங்களுக்கு நாளை ஒரு செட்டர் கிடைக்கிறார் என்று அர்த்தம்.

இனி போலீஸ் விஷயம். 1951ஆம் ஆண்டின் ஐ.நா. அகதிகள் ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்துப் போடவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இங்கே இல்லை. சட்டத்தின் கண்ணில் அவர் வெளிநாட்டவர். கும்மிடிப்பூண்டியில் பிறந்தவர் எப்படி வெளிநாட்டவர் என்று கேட்பீர்கள். 1987 ஜூலை 1க்கு முன் இந்த மண்ணில் பிறந்திருந்தால் பிறப்பாலேயே குடியுரிமை உண்டு. 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண் இதைக் காட்டி உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனார், 2022இல் பாஸ்போர்ட்டுக்கு உத்தரவு வாங்கினார், 2024 தேர்தலில் ஓட்டும் போட்டார். அதற்குப் பின் பிறந்தவர்களுக்குப் பெற்றோரின் குடியுரிமையையும் பார்க்கிறார்கள். உங்களிடம் வந்திருப்பவர் மாட்டிக்கொண்டது அங்கேதான். 2019இல் திருத்திய குடியுரிமைச் சட்டத்திலும் இலங்கை இல்லை.

ஆனால் வெளிநாட்டவர் என்பதும் சட்டவிரோதமாக இருப்பவர் என்பதும் ஒன்றில்லை. 2025 செப்டம்பரில் குடிவரவு மற்றும் வெளிநாட்டவர் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது மத்திய அரசு ஒரு விலக்கு உத்தரவும் போட்டது. 2015 ஜனவரி 9 வரை இங்கே தஞ்சம் புகுந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்கள் பாஸ்போர்ட், விசா இல்லாமல் இருப்பதற்காகத் தண்டிக்கப்பட மாட்டார்கள் என்கிறது அது. குடியுரிமை கொடுக்கவில்லை, அது வேறு. தமிழ்நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் சுமார் 58,000 பேர் இருக்கிறார்கள். அவர்கள் காலையில் வேலைக்குப் போய் மாலையில் திரும்புவது பல பத்தாண்டுகளாக அரசுக்குத் தெரிந்தே நடப்பது. 2021இல் மாநில அரசு உயர்த்திக் கொடுத்த உதவித்தொகையே குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய்தான். வேலைக்குப் போகாமல் எப்படி?

போலீஸ் வரவே வராது என்று நான் சொல்லமாட்டேன். முகாம்களைக் கண்காணிப்பது தமிழ்நாடு போலீஸின் உளவுப் பிரிவான கியூ பிரிவு. இவர் எங்கே வேலை செய்கிறார் என்று யாராவது வந்து கேட்கலாம். வந்தால் வருகைப் பதிவேட்டையும் சம்பளப் பட்டியலையும் எடுத்துக் காட்டுங்கள். பயப்பட வேண்டியவர் புத்தகத்தில் ஏற்றாமல் ஆள் வைத்திருப்பவர்தான். மனசு ஆறவில்லை என்றால் முகாமைப் பார்த்துக்கொள்ளும் வருவாய்த் துறை அலுவலரிடமோ சேப்பாக்கம் எழிலகத்தில் இருக்கும் மறுவாழ்வுத் துறை அலுவலகத்திலோ எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இந்த இளைஞர்களின் படிப்புக்கும் பயிற்சிக்கும் நெடுநாளாக உழைக்கும் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகமும் சென்னையில்தான் இருக்கிறது. இலங்கைத் தமிழர் தலைவர் தந்தை செல்வாவின் மகன் சந்திரஹாசன் 1984இல் தொடங்கியது. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: நான் சொல்வதெல்லாம் பதிவு பெற்ற முகாம்வாசிக்கு. பதிவே இல்லாமல் யாராவது வந்தால் அது வேறு கேஸ், வக்கீலைக் கேட்காமல் இறங்காதீர்கள்.

நீங்கள் பத்துப் பேருக்கு மேல் வைத்திருப்பதால் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீடு கட்டாயம், சம்பளமும் 21,000 வரம்புக்குள்தான் இருக்கிறது. அந்தச் சட்டம் குடியுரிமை கேட்பதில்லை. சம்பளத்தில் உங்கள் பங்கு 3.25 சதவீதம், அவர் பங்கு 0.75. விரலில் ஸ்வார்ஃப் (கடையும்போது வரும் உலோகச் சுருள்) கிழித்தாலும் அயனாவரம் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு ஓடலாம். முகாமிலிருந்து வருகிறவருக்கு இந்த இ.எஸ்.ஐ. எண் சம்பளத்துக்கு அடுத்த பெரிய விஷயம்.

ஆட்கள் நிற்பதில்லை என்று எழுதியிருந்தீர்கள். அமெரிக்காவில் அகதிகளை வேலைக்கு எடுத்த நிறுவனங்களைப் பற்றி 2018இல் ஓர் ஆய்வு வந்தது. உற்பத்தித் தொழிலில் பொதுவாக ஆண்டுக்கு 11 சதவீதம் பேர் வேலையை விட்டுப் போகிறார்கள், அகதிகளில் 4 சதவீதம்தான் என்றது. உங்கள் பட்டறைக்கு அது அப்படியே பொருந்தாது என்றாலும் திசை அதுதான். இதை ரொம்பவும் விசுவாசம் என்று கொண்டாடவும் வேண்டாம். போக வேறு இடம் இல்லாததாலும் ஆள் நிற்பார். இடம் கிடைத்த பிறகும் நிற்கிறாரா என்பதில்தான் உங்கள் கெட்டிக்காரத்தனம் தெரியும்.

மச்சானுக்குச் சென்னைக் கதை ஒன்று சொல்லுங்கள். பர்மாவில் 1962இல் ராணுவ ஆட்சி வந்து, கடை கண்ணியையெல்லாம் அரசுடைமை ஆக்கியதும் நம் ஆட்கள் கையில் இருந்ததை விட்டுவிட்டுக் கப்பலேறினார்கள். பீச் ஸ்டேஷன் எதிரே அவர்கள் போட்ட கடைகள்தான் பர்மா பஜார். பக்கத்திலேயே அத்தோ என்ற பர்மா நூடுல்ஸ் விற்கும் கடையும் வந்தது. 1969இல் அவர்களுக்காகவும் இலங்கை மலையகத்திலிருந்து திரும்பியவர்களுக்காகவும் ரெப்கோ வங்கி தொடங்கப்பட்டது, இன்றைக்கு யார் வேண்டுமானாலும் அங்கே போய் நகையை வைத்துக் கடன் வாங்குகிறார்கள். அவர்கள் தாயகம் திரும்பியவர்களாக வந்ததால் அரசு கடனும் கடையும் கொடுத்தது. 1983க்குப் பிறகு இலங்கையிலிருந்து படகில் வந்தவர்களுக்கு முகாம்தான் கிடைத்தது. உழைப்பில் இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசம் பார்த்தவர் யாரையும் நான் சந்தித்ததில்லை.

அப்புறம் சில நடைமுறை விஷயங்கள். முகாமில் குறிப்பிட்ட நாட்களில் ஆளை நேரில் பார்த்துக் கணக்கெடுப்பார்கள். அன்று அவர் அங்கே இருந்தாக வேண்டும். எந்த நாள் என்று முன்கூட்டியே கேட்டு, அன்று வேறு ஆளைப் போட்டுக்கொள்ளுங்கள். லீவு கேட்டுக் கெஞ்ச வைக்காதீர்கள். கும்மிடிப்பூண்டியில் மின்சார ரயில் ஏறி பேசின் பிரிட்ஜில் மாறி அம்பத்தூர் வர எப்படியும் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். முதல் ஷிப்ட் வேண்டாம், ஜெனரல் ஷிப்ட் கொடுங்கள்.

பட்டறையில் அவரை அறிமுகப்படுத்தும்போது பெயரையும், எந்த மெஷின் என்பதையும் சொன்னால் போதும். குடும்பக் கதையை அவர் விரும்பினால் விரும்பியவரிடம் சொல்லிக்கொள்வார். யாராவது "டேய் அகதி" என்று கூப்பிட்டால் முதல் தடவையிலேயே நிறுத்துங்கள். உங்கள் ஒடிசாப் பையன்களை யாரும் "வடக்கன்" என்று கூப்பிடுகிறார்களா என்பதையும் அப்படியே பார்த்துக்கொள்ளுங்கள். 2023 மார்ச்சில் யாரோ பரப்பிய போலி வீடியோவை நம்பி வடமாநிலத் தொழிலாளர்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு ரயிலேறியதும் எத்தனை யூனிட் தவித்தது என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். அவர்களுக்கும் பதினெட்டுதானா என்று நீங்கள் எழுதவில்லை. நானும் இங்கே கேட்கவில்லை, நீங்களே புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள்.

அரை நாள் வேலையில் தேறினால் லெட்டர்ஹெட்டில் பணி நியமனக் கடிதம் கொடுங்கள். பதவி, சம்பளம், சேரும் தேதி மூன்றும் அதில் இருக்கட்டும். முகாம் அடையாள அட்டை, ஆதார், டிப்ளமோ சான்றிதழ் எல்லாவற்றையும் சரிபார்த்து ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு அசலை அப்போதே கையில் கொடுத்துவிடுங்கள். ஆள் ஓடிவிடக் கூடாது என்று அசலை வாங்கிப் பீரோவில் பூட்டும் பழக்கம் சில பட்டறைகளில் இருக்கிறது. இவர் விஷயத்தில் அதைச் செய்தால் கணக்கெடுப்பு நாளில் அட்டை இல்லாமல் நிற்கப்போவது அவர்தான்.