காணொளியும் மேடையும்: இசை ரசிகர்களின் கேள்விகளும் பதில்களும்

இசைக் காணொளிகள், நேரலைக் கச்சேரிப் பதிவுகள் ஆகியவற்றைக் குறித்து உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். ஒரே பொருளைக் கேட்ட கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, அண்மைக் காலத்தில் வந்தவற்றுள் நீங்கள் திரும்பத் திரும்பப் பார்க்கும் காணொளி எது? அதில் அப்படி என்ன இருக்கிறது?

பதில்: அமெரிக்க ராக் இசைக்குழுவான ஓகே கோ குழுவினர் 2025இல் வெளியிட்ட ‘லவ்’ பாடலின் காணொளி. பூடாபெஸ்ட் நகரத்துப் பழைய ரயில் நிலையம் ஒன்றில், இருபதுக்கும் மேற்பட்ட இயந்திரக் கைகள் கண்ணாடிகளை ஏந்திக்கொண்டு அசைய, அவற்றின் நடுவே பாடகர்களும் கேமராவும் நகர, முழுப் பாடலும் வெட்டே இல்லாமல் ஒரே ஷாட்டில் ஓடுகிறது. கண்ணாடிகள் எதிரெதிரே வந்து நிற்கும்போது பிம்பத்துக்குள் பிம்பம் முளைத்துக்கொண்டே போகிறது. இதைக் கணினி வரைகலையில் இன்று எளிதாகவே செய்துவிடலாம். ஆனாலும் உண்மையான கண்ணாடியில் உண்மையான முகம் தெரிகிறது என்பதை நம் கண் உணர்ந்துகொள்கிறது. அந்த உணர்வு பாடலைக் கேட்கும் கவனத்தையும் கூர்மையாக்குகிறது. அதே ஆண்டில் அவர்கள் 64 கைப்பேசிகளை அடுக்கி, ஒவ்வொரு திரையிலும் ஒரு துண்டுக் காட்சியை ஓடவிட்டு எடுத்த காணொளியும் நல்ல உழைப்புதான். எனினும் எனக்கு ‘லவ்’ ஒரு படி மேல்.

ஒரு காணொளி நல்லதா என்று பார்க்க நான் வைத்திருக்கும் அளவு ஒன்றே ஒன்று. அதைப் பார்த்து முடித்த பிறகு கண்ணை மூடிக்கொண்டு பாட்டை மட்டும் கேட்டால், முன்பு காதில் விழாத ஏதாவது ஒன்று இப்போது விழ வேண்டும். மிஷேல் கோன்ட்ரி கெமிக்கல் பிரதர்ஸ் குழுவுக்காக 2002இல் இயக்கிய ‘ஸ்டார் கிட்டார்’ இதற்குச் சரியான சான்று. ஓடும் ரயிலின் ஜன்னல் வழியே கட்டடங்களும் கம்பங்களும் கடந்து போவதைத் தவிர அதில் வேறெதுவும் இல்லை. ஆனால் ஒவ்வொரு பொருளும் பாட்டின் ஒவ்வோர் ஒலிக்கும் உரியதாக வைக்கப்பட்டிருப்பதை ஒரு கட்டத்தில் நாம் கண்டுகொள்கிறோம். அதற்குப் பிறகு அந்தப் பாடலை ஒரே ஒலித்திரளாகக் கேட்கவே முடியாது. அடுக்கடுக்காகப் பிரித்துத்தான் கேட்க முடியும்.

கேள்வி: ஓகே கோ குழுவினர் விமானத்துக்குள் மிதந்தபடி எடுத்த காணொளியும் வெட்டில்லாத ஒரே ஷாட்டா? எடையின்மை அவ்வளவு நேரம் நீடிக்குமா?

பதில்: நீடிக்காது. 2016இல் வந்த ‘அப்சைட் டவுன் அண்ட் இன்சைட் அவுட்’ காணொளியைத்தான் கேட்கிறீர்கள் என்று கொள்கிறேன். விமானம் வளைகோட்டுப் பாதையில் ஏறி இறங்கும்போது உள்ளே இருப்பவர்களுக்கு ஏறத்தாழ 27 விநாடிகள்தான் எடையின்மை கிடைக்கும். பிறகு விமானம் மீண்டும் உயரம் பிடித்து அடுத்த வளைவுக்குத் தயாராகச் சில நிமிடங்கள் ஆகும். குழுவினர் ஒரே பறப்பில் அடுத்தடுத்துப் பல வளைவுகளில் பாடலைத் துண்டு துண்டாக நடித்து, இடைப்பட்ட நேரத்தில் விட்ட இடத்தில் விட்ட நிலையிலேயே அமர்ந்திருந்தார்கள். அந்த இடைவெளிகளைப் படத்தொகுப்பில் நீக்கி, இணைப்பு தெரியாமல் ஒட்டினார்கள். கேமரா நிற்காமல் ஓடியது. நாம் பார்ப்பது அந்த ஓட்டத்தின் சில பகுதிகளை மட்டும். எடையின்மை முடியும் ஒவ்வொரு முறையும் அவர்கள் இருக்கையிலோ தரையிலோ வந்து அமர்வதைக் கவனியுங்கள். நடிப்பின் அமைப்பே அந்த 27 விநாடிகளுக்குள் பொருந்தும்படி வகுக்கப்பட்டிருப்பது புரியும்.

கேள்வி: ஸ்லோ மோஷனில் எல்லாரும் மெதுவாக நகரும்போது பாடகரின் வாயசைப்பு மட்டும் பாட்டோடு சரியாகப் பொருந்துகிறதே, எப்படி?

பதில்: படப்பிடிப்புத் தளத்தில் பாட்டை இரு மடங்கு வேகத்தில் ஒலிக்கவிட்டு, பாடகர் அந்த வேகத்துக்கே வாயசைக்க, கேமராவும் இரு மடங்கு வேகத்தில், அதாவது விநாடிக்கு 24 சட்டகங்களுக்கு (ஃப்ரேம்) பதிலாக 48 சட்டகங்களாக, பதிவு செய்யும். அதை இயல்பான வேகத்தில் ஓட்டும்போது வாயசைப்பு பாட்டோடு பொருந்தும். தலைமுடியும் துணியும் மட்டும் மெதுவாக அலையும். இதைவிடக் கடினமானது தலைகீழ் ஓட்டம். கோல்ட்ப்ளே குழுவின் ‘தி சயின்டிஸ்ட்’ காணொளிக்காகப் பாடகர் கிறிஸ் மார்ட்டின் முழுப் பாடலையும் பின்னிருந்து முன்னாகப் பாடக் கற்றுக்கொண்டார். பின்னோக்கி நடக்கும் உலகத்தில் வாய் மட்டும் முன்னோக்கிப் பாடுவதைப் போலத் தெரிவதற்கு அந்தப் பயிற்சியே காரணம்.

கேள்வி: பெரிய விளையாட்டரங்குகளில் நடக்கும் இடைவேளை நிகழ்ச்சிகளில் உண்மையிலேயே பாடுகிறார்களா, அல்லது பதிவு செய்ததை ஓடவிடுகிறார்களா?

பதில்: இரண்டும் கலந்தே நடக்கிறது. அதை ஏமாற்று என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுவது கலைஞர்களுக்கு நியாயம் செய்வதாகாது. அமெரிக்கக் கால்பந்தாட்டத்தின் இறுதிப் போட்டியில் முழு மேடையையும் ஒரு சில நிமிடங்களில் களத்துக்குள் தள்ளிக் கொண்டுவந்து இணைத்தாக வேண்டும். ஒலிச் சோதனைக்கு நேரமே இருக்காது. ஒரு கம்பி இணைப்பு தவறினாலும் உலகமே பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒலி நின்றுபோகும். அதனால் கருவிகளின் ஒலியை முன்பே பதிவு செய்து வைத்துக்கொண்டு, குரலை மட்டும் நேரடியாகப் பாடுவது அங்கே பெரும்பாலும் நடைமுறை. 2014இல் அங்கே வாசித்த ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸ் குழுவின் ஃப்ளீ, தம் கிட்டாரில் ஒலியைக் கடத்தும் கேபிளே செருகப்பட்டிருக்கவில்லை என்பதையும், பாடகரின் குரல் மட்டும் நேரடியானது என்பதையும் தாமே வெளிப்படையாக எழுதினார். செருகியதாகப் பாவனை செய்யவும் விரும்பாத அவருடைய நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன்.

இதற்கு மறுமுனையில் இருப்பது 2007இல் மயாமியில் பிரின்ஸ் நிகழ்த்தியது. கொட்டும் மழையில், வழுக்கும் மேடையில், கிட்டாரைத் தாமே வாசித்துப் பாடினார். எத்தனை முறை பார்த்தாலும் அந்தக் கிட்டாரின் தொனி எனக்குச் சலிப்பதில்லை.

நேரடிக் குரலை அடையாளம் காண, பாடகரின் மூச்சைக் கவனியுங்கள். ஓடி ஆடிய பிறகு வரும் வரியின் முடிவில் குரல் சற்றே தளர வேண்டும். மைக்கை வாயிலிருந்து விலக்கும்போது ஒலியளவு குறைய வேண்டும். இந்த இரண்டும் இல்லாமல் குரல் ஒரே சீராக ஒலித்தால் ஐயப்படலாம்.

கேள்வி: டைனி டெஸ்க் நிகழ்ச்சிகளில் நன்கு தெரிந்த பாடல்கள்கூடப் புதிதாக ஒலிக்கின்றன. அலுவலக மேசைக்குப் பின்னால் நின்று பாடுவதால் மட்டுமே இது நடக்குமா?

பதில்: இன்று வந்த கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். அமெரிக்கப் பொது வானொலியான என்.பி.ஆரில் பாப் பாய்லன் என்பவரின் மேசையருகே 2008இல் இது தொடங்கியது. கூட்டத்தின் இரைச்சலில் லாரா கிப்சன் என்ற பாடகியின் மென்மையான குரலைக் கேட்க முடியாமல் போனதால், ‘எங்கள் அலுவலகத்துக்கே வந்து பாடுங்கள்’ என்று விளையாட்டாகச் சொன்னது உண்மையாகிவிட்டது. அதாவது, ஒரு குரலைச் சரியாகக் கேட்க வேண்டும் என்ற ஆசையே இந்தத் தொடரின் வேர்.

அங்கே பாடகரின் குரலை அந்த அறைக்குள் பெருக்கித் தரும் ஒலிபெருக்கி கிடையாது. மைக் நமக்காகப் பதிவு செய்கிறது. அறையில் இருப்பவர்களுக்குக் கேட்பது பாடகரின் வெறும் தொண்டை. ஆகவே டிரம் வாசிப்பவர் அந்தக் குரலை மூழ்கடிக்காத அளவுக்குக் கையை அடக்கி வாசித்தாக வேண்டும். டிரம் அடங்கினால் தாழ்ந்த ஒலி தரும் பேஸ் கிட்டார் அடங்கும். பேஸ் அடங்கினால் கீபோர்டும் கிட்டாரும் தமக்குரிய இடத்தை மறுபடியும் தேட வேண்டியிருக்கும். இப்படி ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவரின் ஒலிக்குக் காதைக் கொடுத்துக்கொண்டே வாசிக்கும் நிலை தானாக அமைகிறது. பாடல் புதிதாக ஒலிப்பதற்கு இந்தக் கட்டுப்பாடே காரணம். மேசை வெறும் பின்னணிதான்.

2014இல் டீ-பெயின் அங்கே வந்து, தம் அடையாளமாகவே ஆகிவிட்ட, குரலின் சுருதியைத் திருத்தும் ஆட்டோட்யூன் மென்பொருளைக் கைவிட்டு ஒரு கீபோர்டின் துணையோடு மட்டும் பாடியபோது, அவருடைய குரலில் அவ்வளவு வளம் இருப்பது பலருக்கு அன்றுதான் தெரிந்தது. 2024இல் அர்ஜென்டினாவின் கட்ரியல், பாகோ அமொரோசோ இணை வந்தது. அவர்களுடைய ஆல்பத்தில் மின்னணு ஒலிகளாக இருந்த பாடல்களை ஊதுகருவிகளோடும் தாளக்கருவிகளோடும் முற்றிலும் மாற்றி அமைத்திருந்தார்கள். அந்த ஒரு பதிவு அவர்களை உலகமெங்கும் கொண்டுசேர்த்தது. அந்த வடிவங்களையே 2025இல் தங்கள் அடுத்த வெளியீட்டிலும் சேர்த்துக்கொண்டார்கள். ஆல்பத்தை முதலில் கேட்டுவிட்டு இந்தப் பதிவைப் பாருங்கள். ஒரு பாடல் எத்தனை உடைகளை மாற்றிக்கொண்டு உயிரோடு இருக்க முடியும் என்பது அப்போது புலப்படும்.

கேள்வி: ஒரே நிறச் சுவர், ஒரு மைக், ஒரு பாடகர் என்று வரும் ‘கலர்ஸ்’ காணொளிகள் பற்றி?

பதில்: பெர்லினிலிருந்து 2016 முதல் வருகின்றன. கண்ணுக்கு வேறு வேலையே கொடுக்காததால் குரலின் நுணுக்கம் துலங்குகிறது. புதிய பாடகர்களைக் கண்டுகொள்ள நல்ல வாசல். ஆனால் வரிசையாகப் பத்து பார்த்தால் ஒன்றுபோலவே தோன்றும். நாளுக்கு ஒன்று போதும்.

கேள்வி: இந்தியாவிலிருந்து ஒன்றைப் பரிந்துரைக்க வேண்டுமென்றால்?

பதில்: தயக்கமின்றி ராப் பாடகர் ஹனுமான்கைண்டின் ‘பிக் டாக்ஸ்’. கல்மி இசையமைத்து, பிஜாய் ஷெட்டி இயக்கி 2024இல் வந்தது. கேரளத்தின் பொன்னானியில் ஒரு மரணக் கிணற்றுக்குள் எடுக்கப்பட்டது. கிணற்றின் அடியில் பாடகர் நின்று பாட, கார்களும் மோட்டார் சைக்கிள்களும் செங்குத்துச் சுவரில் அவரைச் சுற்றிச் சுற்றி ஓடுகின்றன. வேகம் குறைந்தால் சுவர்மீதான அழுத்தமும் அதனால் கிடைக்கும் பிடிமானமும் குறைந்து வண்டி கீழே சரியும். ஆகவே அங்கே யாரும் நிற்க முடியாது. நிறுத்தமே இல்லாமல் உந்திக்கொண்டு போகும் அந்தப் பாட்டின் தாளத்துக்கு இதைவிடப் பொருத்தமான இடத்தை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. மரணக் கிணற்றில் வண்டி ஓட்டும் கலைஞர்களைப் பின்னணிப் பொருளாக ஆக்காமல், பாடகருக்குச் சமமான மதிப்போடு காட்டியிருப்பது எனக்குக் கூடுதல் மகிழ்ச்சி.

2025இல் அவர் அமெரிக்காவின் கோச்செல்லா இசை விழாவில் செண்டைக் கலைஞர்களோடு மேடையேறினார். காணொளியில் சக்கரங்கள் செய்த வேலையை மேடையில் செண்டை செய்தது. இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள். ஒரே பாடகரின் வேகத்துக்குக் காணொளியும் மேடையும் தனித்தனியான விடைகளைக் கண்டிருக்கின்றன.

கேள்வி: ரசிகர்கள் கைப்பேசியில் எடுத்துப் போடும் பதிவுகளில் ஒலி ஏன் நசுங்கிக் கேட்கிறது? சில நேரம் வாயும் ஒலியும் பொருந்துவதே இல்லையே?

பதில்: கைப்பேசி ஒலியளவைத் தானே கூட்டிக் குறைக்கும். பேஸ் ஒலி பலமாக விழும்போதெல்லாம் மற்ற எல்லாவற்றையும் சேர்த்து அமுக்கிவிடும். பொருந்தாமைக்குக் காரணம் தூரம். ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர்தான் செல்லும் என்பதால், 100 மீட்டர் தள்ளி நிற்பவருக்குப் பாடகரின் வாய் அசைந்து கால் விநாடிக்கு மேல் கழிந்த பிறகே மேடையின் ஒலி வந்து சேரும். பெரிய திடல்களில் நடுவே நிறுத்தும் ஒலிபெருக்கிக் கோபுரங்களுக்கும் அதே அளவு தாமதத்தைக் கணக்கிட்டுத்தான் ஒலியை அனுப்புவார்கள். ஆனாலும் இந்தப் பதிவுகளை நான் ஒதுக்குவதில்லை. அதிகாரபூர்வப் பதிவில் அடக்கி வைக்கப்படும் கூட்டத்தின் குரல் இவற்றில்தான் முழுதாகக் கிடைக்கிறது.

கேள்வி: புதியவை மட்டுமே பார்த்து வருகிறேன். பழையதில் ஒரே ஒரு கச்சேரிப் படம் பார்க்க வேண்டுமென்றால் எது?

பதில்: டாக்கிங் ஹெட்ஸ் குழுவின் ‘ஸ்டாப் மேக்கிங் சென்ஸ்’. 1983 டிசம்பரில் ஹாலிவுட்டின் பான்டேஜஸ் அரங்கில் எடுக்கப்பட்டது. இயக்கியவர் ஜொனாதன் டெம்மி. வெறும் மேடைக்குக் குழுவின் பாடகர் டேவிட் பர்ன் ஒரு கிட்டாரோடும் ஒரு டேப் ரிக்கார்டரோடும் தனியாக வருகிறார். அடுத்த பாடலுக்கு பேஸ் வாசிப்பவர் சேர்கிறார், அதற்கடுத்து டிரம், இப்படிப் பாடலுக்குப் பாடல் ஆட்கள் சேர்ந்து முழுக் குழுவும் நம் கண்முன்னே உருவாகிறது. எந்தக் கருவி எந்த ஒலியைத் தருகிறது என்பதை யாரும் விளக்காமலேயே கற்றுக்கொள்கிறோம். ஏறக்குறைய இறுதிவரை பார்வையாளர்களின் முகத்தை டெம்மி காட்டுவதில்லை. பிறர் மகிழ்வதைப் பார்த்து நாமும் மகிழும் குறுக்குவழியை அவர் அடைத்துவிட்டார். இசைக்கு நேராக நம்மையே நிறுத்துகிறார். இன்றைய கச்சேரிப் படங்களில் இரண்டு விநாடிக்கு ஒருமுறை கூட்டத்துக்குத் தாவும் வெட்டுகளைப் பார்க்கும்போதெல்லாம் இந்தப் படம் நினைவுக்கு வருகிறது. 2023இல் 4கே தரத்தில் புதுப்பித்து மறுபடியும் வெளியிட்டிருக்கிறார்கள். அந்தப் பதிப்பையே பாருங்கள்.

கேள்வி: கடைசியாக, ஹெட்ஃபோனா தொலைக்காட்சியா? எதில் பார்ப்பது நல்லது?

பதில்: டைனி டெஸ்க் போன்ற சிறிய அறைப் பதிவுகளுக்கு ஹெட்ஃபோன், அரங்கக் கச்சேரிகளுக்கு நல்ல ஒலிபெருக்கியோடு இணைத்த தொலைக்காட்சி. தொலைக்காட்சியில் பார்ப்பதென்றால் அசைவை வழுவழுப்பாக்கும் வசதியை முதலில் அணைத்துவிடுங்கள். அது சட்டகங்களுக்கு இடையே இல்லாத சட்டகங்களைத் தானே உருவாக்கிச் செருகுவதால், இயக்குநர் தேர்ந்தெடுத்த அசைவின் தன்மை மாறிப்போகிறது. ஒலி அமைப்பிலும் ‘சினிமா’, ‘ஸ்டேடியம்’ போன்ற தேர்வுகளை விட்டு இயல்பான நிலையில் வையுங்கள். அவை செயற்கையான எதிரொலியைச் சேர்த்துக் குரலைப் பின்னுக்குத் தள்ளிவிடும்.