வீட்டைப் பூட்டும் முன்னால்…
(வாசகர் கேள்விகளும் பதில்களும்)

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கோடை விடுமுறைக்கு ஊருக்குக் கிளம்புகிறவர்கள் எழுதியவை. எங்கள் வீட்டையும் ஒவ்வொரு மே மாதமும் கும்பகோணத்தில் பூட்டிவிட்டு புனேயில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்வருகிறோம். அந்தப் பழக்கத்தில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

கேள்வி: காசி, அயோத்தி என்று பன்னிரண்டு நாள் பயணம். ஃப்ரிட்ஜை அணைத்துவிட்டுப் போகச் சொல்கிறார் மாமியார். ஓடட்டும் என்கிறார் கணவர். எது சரி?
— வாசகி, ஸ்ரீரங்கம்

இந்த விஷயத்தில் நான் உங்கள் மாமியார் பக்கம். கோடையில் கரண்ட் எப்போது போகும், எத்தனை மணி நேரம் கழித்து வரும் என்று சொல்ல முடியாது. உள்ளே இருப்பது கெட்டுப்போய், மறுபடி குளிர்ந்து, பார்வைக்கு நல்லதுபோலவே இருக்கும். வந்த அன்று பசியோடு அதைத்தான் எடுத்துச் சாப்பிடுவோம்.

ஆனால் கிளம்புகிற அன்று சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. ஒரு வாரம் முன்பிருந்தே காய்கறி வாங்குவதைக் குறையுங்கள். மாவு அரைப்பதை நிறுத்திவிட்டு, இருப்பதைத் தீருங்கள். முதல் நாளே அணைத்து, ஐஸ் முழுக்கக் கரைந்த பிறகு காய்ந்த துணியால் துடைத்து எடுங்கள். பின்பக்கம், கம்ப்ரஸருக்கு மேலே ஒரு சின்னத் தட்டு இருக்கும். உள்ளிருந்து வடிகிற தண்ணீர் அதில்தான் சேரும். பல வீடுகளில் வாங்கிய நாள் முதல் அதை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அதையும் கொட்டிக் கழுவித் துடைத்துவிடுங்கள். கடைசியாக, ஒரு துண்டை மடித்துக் கதவிடுக்கில் வைத்து, கதவு முழுக்க மூடாதபடி விட்டுவிடுங்கள். இறுக்கிச் சாத்தினால் ரப்பர் ஓரமெல்லாம் கறுப்பாகப் பூஞ்சணம் பிடித்து, அந்த வாடை போக நாளாகும்.

உறைமோரை எதிர் வீட்டில் கொடுத்து வையுங்கள். இன்சுலின் போன்ற மருந்து மிச்சம் இருந்தால் அதையும் அவர்கள் ஃப்ரிட்ஜில் வைக்கச் சொல்லுங்கள். ரவையை வறுத்து ஆறவைத்து டப்பாவில் போட்டால் வண்டு வராது.

அணைக்கவே முடியாது என்றால் ஒரு வழி இருக்கிறது. கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி ஃப்ரீசரில் உறையவைத்து, அதன்மேல் ஒரு ரூபாய்க் காசை வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வந்து பார்க்கும்போது காசு உள்ளே இறங்கியிருந்தால், ஐஸ் உருகும் அளவுக்குக் கரண்ட் இல்லாமல் இருந்திருக்கிறது. எதையும் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

கேள்வி: ஊரிலிருந்து வந்து கதவைத் திறந்தால் வீடு முழுக்கக் கொசு. பூட்டிய வீட்டுக்குள் எப்படி வருகிறது?
— வாசகர், தாம்பரம்

வெளியிலிருந்து வரவில்லை, உள்ளேயே வளர்ந்திருக்கிறது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. வீட்டில் தேங்கும் நல்ல தண்ணீர்தான் அதற்கு வேண்டும். நம் ஊர் வெயிலில் முட்டை கொசுவாகப் பறக்க 7 முதல் 10 நாள் ஆகும். நாம் ஊருக்குப் போகிற காலமும் ஏறக்குறைய அதேதான்.

பூந்தொட்டிக்குக் கீழே வைக்கும் தட்டு, மணிபிளான்ட் பாட்டில், ஏர்கூலர், குளியலறை வாளி, மொட்டைமாடியில் கிடக்கும் தேங்காய்ச் சிரட்டை, மேலே சொன்ன ஃப்ரிட்ஜ் தட்டு எல்லாவற்றையும் பாருங்கள். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் சுவரில்தான் முட்டை ஒட்டிக்கொண்டிருக்கும். காய்ந்த நிலையிலேயே மாதக்கணக்கில் உயிரோடு இருந்து, மறுபடி தண்ணீர் பட்டதும் பொரியும். அதனால் நார் போட்டு அழுத்தித் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வையுங்கள்.

டாய்லெட்டின் மூடியைச் சாத்துங்கள். தொட்டி, சம்ப் மூடிகளில் இடைவெளி இருந்தால் துணி கட்டுங்கள். குளியலறைத் தரையில் தண்ணீர் போகும் துளையில் ஒரு மக்கு தண்ணீர் ஊற்றி, அதன்மேல் இரண்டு கரண்டி சமையல் எண்ணெய் விடுங்கள். அந்த வளைவில் நிற்கும் தண்ணீர்தான் கரப்பானையும் நாற்றத்தையும் தடுக்கிறது. எண்ணெய் மேலே மிதந்தால் அது சீக்கிரம் வற்றாது. அப்புறம், மேல்தொட்டியிலிருந்து வரும் வால்வை மூடுங்கள். மெயினை அணைக்கிறவர்கள் இன்வெர்ட்டரையும் சேர்த்து அணைக்க வேண்டும், இல்லாவிட்டால் பேட்டரி வடிந்துபோகும்.

கேள்வி: கேஸ் ரெகுலேட்டரை மூடினால் போதாதா, கழற்றத்தான் வேண்டுமா?
— வாசகி, விழுப்புரம்

கழற்றத்தான் வேண்டும். கழற்றிவிட்டு, சிலிண்டரோடு நூலில் கட்டி வரும் பிளாஸ்டிக் மூடியை அழுத்திப் போடுங்கள். அந்த மூடியைச் சிலிண்டர் வந்த அன்றே குப்பையில் போட்டுவிடுகிறோம். தயவுசெய்து அதைப் பத்திரமாக எடுத்து வையுங்கள். ஆளில்லாத வீட்டில் எலி நடமாட்டம் அதிகம், ரப்பர் குழாயைக் கடித்துவிடும். சமையல் வாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு படிந்து அங்கேயே நிற்கும். இரவில் வந்து இறங்குகிறவர்கள் முதலில் கைவைப்பது லைட் சுவிட்சில்தான். அந்தப் பொறி போதும்.

அதனால் வீட்டார் எல்லோருக்கும் இதைச் சொல்லி வையுங்கள்: கதவைத் திறந்ததும் கேஸ் வாடை வந்தால் எந்த சுவிட்சையும் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டு வெளியே வந்து, வெளியிலிருந்தே 1906 என்ற அவசர எண்ணுக்குப் பேசுங்கள்.

கேள்வி: பூட்டிய வீடு என்று காவல் நிலையத்தில் சொல்ல வேண்டுமா? கூச்சமாக இருக்கிறது.
— வாசகர், மதுரை

கூச்சமே வேண்டாம், சொல்லிவிட்டுப் போங்கள் என்று காவல்துறையே கேட்டுக்கொள்கிறது. ரோந்து வருகிறவர்கள் உங்கள் தெருவில் ஒரு பார்வை பார்ப்பார்கள். நகை லாக்கருக்குப் போகட்டும். பாலையும் பேப்பரையும் நிறுத்துங்கள். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் கங்கைக்கரைப் படங்களை வீடு திரும்பிய பிறகு போடலாம்.

நம் ஊரில் ஒரு வீட்டில் ஆள் இல்லை என்று முதலில் காட்டிக்கொடுப்பது கோலமில்லாத வாசல்தான். வீட்டு வேலைக்கு வருகிற அம்மாவிடம் தினமும் வாசல் தெளித்துக் கோலம் போடச் சொல்லுங்கள். துளசிக்கும் அவரே ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றிவிடுவார். நீங்கள் ஊரில் இல்லாத நாட்களுக்கு அவர் சம்பளத்தைப் பிடிக்காதீர்கள். கிளம்பும் முன்பே முழுசாகக் கையில் கொடுத்துவிடுங்கள்.