சில்லறை என்றா சொன்னீர்கள்?

கேள்வி: ஜார்ஜ் வாஷிங்டன் எழுதிய கடிதங்களைத் தொகுப்பது சரி. போர் முடிந்து வீட்டோடு இருந்தவருக்கு ஊர் உலகமெல்லாம் எழுதிய சில்லறைக் கடிதங்களையும் குறிப்பு போட்டு அச்சிடுகிறார்களாமே, யாருக்கு என்ன பயன்?
— வாசகர், காரைக்குடி

பதில்: சில்லறை என்ற சொல்லை நீங்களே எடுத்துக் கொடுத்துவிட்டீர்கள். அந்தக் கடிதங்களில் பலவற்றின் விஷயமே சில்லறைதான். வர வேண்டிய சில்லறை, வராத சில்லறை.

இங்கிலாந்தோடு நடந்த சுதந்திரப் போர் ஓய்ந்து, 1783 ஜூனில் அமெரிக்கப் படைவீரர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். ரொக்கம் கொடுக்கவில்லை. மூன்று மாதச் சம்பளத்துக்குக் கடன் சீட்டு ஒன்றைக் கையில் திணித்து, போய் வா என்றார்கள். போர்க்காலத்தில் அச்சடித்த காகிதப் பணமோ அதற்கு முன்பே செல்லாக்காசு. வீடு போய்ச் சேர வழிச்செலவுக்கு வேண்டுமே? சீட்டில் எழுதிய தொகையில் ஒரு சிறு பங்குக்கு அதை வியாபாரிகளிடம் தள்ளிவிட்டுப் போனவர்கள் ஏராளம். அப்புறம் நிலுவைக்கு அலைய வேண்டும் என்றால், இன்ன படைப்பிரிவில் இருந்தேன் என்பதற்கு அத்தாட்சி வேண்டும். அத்தாட்சிக்கு யாரிடம் போவார்கள்? தளபதி வாஷிங்டனிடம்தான்.

தளபதி 1783 டிசம்பர் 23 அன்று அனாபொலிஸில் பதவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மறுநாள் மவுண்ட் வெர்னான் பண்ணை வீடு போய்ச் சேர்ந்தார். பின்னாலேயே தபாலும் வந்தது. 1785 பிப்ரவரி 7 அன்று தன் பழைய உதவியாளர் டேவிட் ஹம்ஃப்ரீஸுக்கு அவர் எழுதிய கடிதத்தைப் படித்துப் பாருங்கள். ஒரே புலம்பல். ஏதோ ஒரு காலத்தில் படையில் இருந்த டிக், டாம், ஹாரியை (நம் பேச்சில் குப்பன், சுப்பனை) விசாரித்துக் கடிதம், சேவைச் சான்று கேட்டுக் கடிதம், அறிமுகக் கடிதம் கேட்டுக் கடிதம், பழைய காகிதங்களுக்கு நகல் கேட்டுக் கடிதம். இந்த ஆயிரம் பழைய விவகாரங்களால் மொகலாயச் சக்கரவர்த்திக்கு எவ்வளவு தொந்தரவு வரலாமோ, அவ்வளவுதான் எனக்கும் வரலாம் என்கிறார். ஆனாலும் ஏதாவது ஒரு பதில் போட்டாக வேண்டியிருக்கிறதே, தலை கனக்கிறதே என்கிறார்.

மொகலாயச் சக்கரவர்த்தி! இந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஒரு தொந்தரவும் அண்டாத மனிதருக்கு உவமை தேடி வாஷிங்டன் டெல்லி வரைக்கும் வந்திருக்கிறார். அந்த 1785இல் டெல்லியில் இருந்தவர் இரண்டாம் ஷா ஆலம். "ஷா ஆலம் ராஜ்யம் டெல்லியிலிருந்து பாலம் வரை" என்று டெல்லிக்காரர்களே பழமொழி சொன்னார்கள். இன்றைக்கு விமான நிலையம் இருக்கிற அதே பாலம். மராட்டியத் தலைவர் மகாதாஜி சிந்தியாவின் பிடியில் இருந்தார். 1765இல் வங்காளத்தின் வரி வசூலைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தார். ஆண்டுக்கு 26 லட்சம் ரூபாய் தருவதாகப் பேச்சு. சில ஆண்டுகளில் கம்பெனி அதை நிறுத்திவிட்டது. ஆகக்கூடி, நிலுவைச் சம்பளத்துக்கு அலைந்த குப்பன் சுப்பன் வரிசையில்தான் சக்கரவர்த்தியும் நின்றார்!

அதோடு போகவில்லை. அவரும் கடிதம் எழுதியவர்தான். 1766இல் தன் குறையைச் சொல்லி இங்கிலாந்து ராஜாவுக்கு ஒரு கடிதம் அனுப்பினார். மிர்சா இதிசாமுதீன் என்ற வங்காளத்து முன்ஷி (பாரசீக எழுத்தர்) அதற்காகக் கப்பலேறினார். நடுக்கடலுக்குப் போன பிறகுதான் கடிதம் கப்பலில் இல்லை, கிளைவ் அதைத் தன்னிடமே வைத்துக்கொண்டார் என்று அவருக்குத் தெரியவந்தது. அந்தக் கடிதம் போய்ச் சேராத ராஜா யார்? மூன்றாம் ஜார்ஜ். வாஷிங்டன் எதிர்த்துப் போரிட்ட அதே ஜார்ஜ். மவுண்ட் வெர்னானில் உட்கார்ந்து மொகலாயரை நினைத்து ஏங்கியவருக்கு இது தெரிந்திருந்தால், அடுத்த சான்றிதழை முணுமுணுக்காமல் எழுதியிருப்பார்.

அந்தக் காலத்துத் தபாலின் வேகத்தையும் சொல்லிவிடுகிறேன். 1783 ஜனவரி 20இல் இங்கிலாந்தும் பிரான்சும் சமாதானத்துக்கு முன்னுடன்படிக்கை போட்டாயிற்று. ஜூன் 20இல் நம் கடலூருக்கு எதிரே இரண்டு நாட்டுக் கப்பல்களும் இன்னும் சுட்டுக்கொண்டிருந்தன. செய்தி வந்து சேர்ந்தது அந்த மாதக் கடைசியில்.

சரி, பயன் என்ன என்று கேட்டீர்கள். பெரிய மனிதரின் கடிதத்தை மட்டும் அச்சிட்டு, அவருக்கு வந்ததைக் குப்பையில் போடும் பழக்கத்தோடு எனக்கு நெடுநாள் சண்டை. ஒரு பதிப்பாளரிடம் நான் பேச்சை நிறுத்தியதே இதனால்தான். ஓர் எழுத்தாளரின் கடிதங்களைப் புத்தகமாகப் போட்டார். அந்தக் கடிதங்களுக்கு வந்த பதில்கள் ஒரு பிஸ்கட் டின் நிறைய இருந்தன. பெரும்பாலும் பதினைந்து பைசா கார்டுகள். முகவரிப் பக்கத்திலும் இடம் விடாமல், ஓரத்தில் கார்டைத் திருப்பிவைத்துப் பொடி எழுத்தில் எழுதியவை. அவற்றை எடைக்குப் போட்டுவிட்டேன் என்று சாதாரணமாகச் சொன்னார். இப்போது அந்தப் புத்தகத்தில் "நீங்கள் சொன்னது முற்றிலும் சரி" என்று ஒரு வரி வருகிறது. என்ன சொன்னார்கள் என்பது யாருக்கும் தெரியாது.

வாஷிங்டன் விஷயத்திலும் முதலில் அப்படித்தான் நடந்தது. 1931 முதல் 1944 வரை ஃபிட்ஸ்பாட்ரிக் பதிப்பித்த 39 தொகுதிகளில் இருப்பது வாஷிங்டன் எழுதியவை மட்டும். வர்ஜீனியா பல்கலைக்கழகம் 1968இல் தொடங்கிய பதிப்பில்தான் வந்த கடிதங்களுக்கும் இடம் கிடைத்தது. வந்த கடிதத்தையும் சேர்த்துப் படிப்பதன் பலன் ஒன்று: மதவெறிக்கு இந்த அரசு இடம் கொடுக்காது, கொடுமைக்குத் துணை போகாது என்ற வாக்கியத்தை வாஷிங்டன் வாக்கியம் என்று பேச்சாளர்கள் மேற்கோள் காட்டுவார்கள். 1790 ஆகஸ்டில் ரோட் ஐலண்டின் நியூபோர்ட் நகர யூதர்கள் சார்பாக மோசஸ் சேஷாஸ் கொடுத்த வரவேற்பு மடலில் அந்தச் சொற்கள் இருக்கின்றன. வாஷிங்டன் தன் பதிலில் அவற்றைத் திருப்பிச் சொன்னார். சொன்னதும் பெருமைதான். ஆனால் முதலில் எழுதியவர் சேஷாஸ்.

பதிலே போகாத கடிதங்கள் இருக்கின்றன பாருங்கள், அங்கேதான் எனக்கு மனசு கனக்கிறது. 1785 டிசம்பர் 11 அன்று வர்ஜீனியாவின் ராபர்ட் பிளசன்ட்ஸ் எழுதினார். குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர், தன் அடிமைகளை விடுவித்தவர். உங்களைப் படைக்குத் தலைமை தாங்க அழைத்தது சுதந்திரத்துக்காக அல்லவா, அப்படியிருக்க உங்கள் வீட்டில் அடிமைகள் இருக்கலாமா என்று நேருக்கு நேர் கேட்டார். குப்பனுக்கும் சுப்பனுக்கும் பதில் எழுதியவர் இவருக்கு எழுதியதாகத் தடயம் இல்லை. 1796இல் லிவர்பூலிலிருந்து எட்வர்ட் ரஷ்டன் அதையே இன்னும் காரமாகக் கேட்டார். அடிமைக் கப்பலில் அடைபட்டவர்களைக் கவனிக்கப் போய் அவர்களின் கண்நோய் தொற்றிப் பார்வை இழந்தவர் அவர். அவருடைய கடிதம் ஒரு வார்த்தை பதில் இல்லாமல் உறையில் திரும்பி வந்தது. 1797இல் தானே அச்சிட்டு வெளியிட்டார்.

39 தொகுதிகளை மட்டும் படிப்பவருக்கு பிளசன்ட்ஸ் கேட்டதே தெரியாது. பதில் இருந்தால்தானே கேள்வி தெரியும்? 1799இல் எழுதிய உயிலில், தனக்குச் சொந்தமான 123 பேருக்கு விடுதலை என்று வாஷிங்டன் எழுதினார். அதுவும் பெரும்பாலானவர்களுக்கு மனைவி காலத்துக்குப் பிறகு. அதை பிளசன்ட்ஸுக்கான பதில் என்று சொல்லுகிறவர்கள் உண்டு. எனக்கு மனம் வரவில்லை. கேள்வி வந்தது 1785இல். அதற்குப் பிறகு பதினான்கு அறுவடை அந்த வயல்களில் கூலியில்லாமல் நடந்தது.