12 நாள்ல 4 கிலோ... எங்க போச்சு?

கேள்வி: பொண்ணு பிளஸ் ஒன் படிக்கறா, 16 வயசு. உயரம் 158 செ.மீ., வெயிட் 64 கிலோ. பெரியப்பா பையன் கல்யாணத்துக்கு லெஹங்கா எடுத்ததுலேர்ந்து ஆரம்பிச்சுது. ரீல்ஸ் பாத்துட்டு கீட்டோன்னு சொல்லி சோறு, இட்லி, பழம் எதையுமே தொடல, முட்டையும் பனீரும் வெள்ளரிக்காயும்தான். 12 நாள்ல 4 கிலோ குறைஞ்சுது, எனக்கே ஆச்சரியம். கல்யாண வீட்டுல நல்லா சாப்ட்டா, மூணே வாரத்துல 66. இப்போ சீப்பு வெச்சா கொத்தா முடி வருது, ரெண்டு மாசமா பீரியட்ஸும் வரல. மறுபடியும் டயட் இருக்கப்போறேங்கறா. விடலாமா?
– ஒரு அம்மா, திருப்பூர்

பதில்: விடாதீங்கம்மா. ஆனா "வேணாம்"னு மட்டும் சொன்னா அவ கேக்கமாட்டா, அந்த 4 கிலோ கண்ணு முன்னாடி குறைஞ்சுதே. அதனால ஒரு கணக்கு சொல்றேன், அவளையே உக்காரவெச்சு போடச் சொல்லுங்க.

உடம்புல ஒரு கிலோ கொழுப்பு கரையணும்னா சுமார் 7,700 கலோரி செலவாகணும். 4 கிலோன்னா 30,800. 12 ஆல வகுத்தா ஒரு நாளைக்கு 2,560 பக்கம் வருது. அவ வயசுப் பொண்ணுக்கு ஒரு நாள் முழுக்கத் தேவைன்னு ஹைதராபாத்ல இருக்கற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொல்றதே 2,500தான். அப்ப 12 நாளும் பச்சத்தண்ணிய மட்டும் குடிச்சுட்டு கெடந்திருந்தாக்கூட 4 கிலோ கொழுப்பு போயிருக்காது, இவ பனீர் வேற சாப்ட்டிருக்கா!

போனதுல பெரும்பங்கு தண்ணி, கொஞ்சம் தசையும் கொழுப்பும். நாம சாப்புடற சோறு இட்லியை உடம்பு கிளைகோஜனா மாத்தி ஈரல்லயும் தசையிலயும் சேத்து வெச்சிருக்கும், அதுல ஒவ்வொரு கிராமோடயும் 3 கிராம் தண்ணி ஒட்டிட்டு இருக்கும். சோத்தை நிறுத்துனா கிளைகோஜன் தீரும், தண்ணி பாத்ரூம் போயிடும், மிஷின் முள்ளு எறங்கும். கல்யாண வீட்டு பந்தியில உக்காந்ததும் எல்லாம் திரும்பி வந்துடும்.

இந்த கீட்டோ 1921ல அமெரிக்காவுல மேயோ கிளினிக்ல ரஸ்ஸல் வைல்டர்ங்கற டாக்டர் வலிப்பு நோய்க்காகக் கொண்டுவந்தது. இன்னைக்கும் மருந்துக்கு அடங்காத வலிப்பு இருக்கற குழந்தைங்களுக்கு டாக்டர் கண்காணிப்புல ரத்த டெஸ்ட் எடுத்து எடுத்துதான் குடுக்கறாங்க. லெஹங்காவுக்காகக் கண்டுபிடிச்சது இல்ல.

முடி கொட்டறது பட்டினி கெடந்து ரெண்டு மூணு மாசம் கழிச்சுதான் தெரியும், அதான் இப்போ கொட்டுது. பீரியட்ஸ் நின்னதுக்கும் இந்த டயட் காரணமா இருக்கலாம், சாப்பாடு பத்தலன்னா உடம்பு மொதல்ல ஆஃப் பண்றது அதைத்தான். ஆனா பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டி), தைராய்டு எதுனாலயும் நிக்கலாம், அதனால இந்த வாரமே கைனக்காலஜிஸ்ட்கிட்ட கூட்டிட்டுப் போங்க, ஹீமோகுளோபினும் சேத்துப் பாத்துடுங்க. இந்த வயசுப் பொண்ணுக்கு தினம் 32 மில்லிகிராம் இரும்புச்சத்து வேணும், ஒரு முட்டையில இருக்கறதே 1 மில்லிகிராம் பக்கம்தான், வெள்ளரிக்காய்ல சொல்லிக்கற மாதிரி ஒண்ணும் இல்ல.

அப்புறம், பெரியவங்களுக்கான பிஎம்ஐ (உயரத்துக்கு எடை சரியான்னு பாக்கற) கணக்கை வெச்சு அவளைப் பயமுறுத்தாதீங்க. 18 வயசு வரைக்கும் இந்திய குழந்தைகள் மருத்துவர் சங்கத்தோட வளர்ச்சி சார்ட் தனியா இருக்கு, அதை வெச்சு டாக்டரே பாத்து சொல்லட்டும். மாசம் ஒரு கிலோ குறைஞ்சாலே தாராளம், பழைய 64க்கு வந்து நின்னாலும் தப்பில்ல.

இப்போ அவளோட ஒரு நாளைப் பாருங்க. என்கிட்ட வர்ற பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைங்க பாதிப்பேர் கதை இதுதான்: காலைல 6 மணி டியூஷனுக்கு டீயும் ரெண்டு பிஸ்கட்டும், மத்தியானம் டப்பால பாதி அப்படியே திரும்பி வரும், 5 மணிக்கு பசி தாங்காம பேக்கரில எக் பஃப்ஸும் கூல்டிரிங்ஸும், ராத்திரி 10 மணிக்கு போன் பாத்துக்கிட்டே அஞ்சு தோசை. இதுல குறைக்க வேண்டியது சோறா, நீங்களே சொல்லுங்க? காலைல மூணு இட்லி, சாம்பார், ஒரு முட்டை உள்ள போகட்டும். ஸ்கூல் பேக்ல ஒரு சின்ன டப்பா சுண்டலோ வேகவெச்ச நிலக்கடலையோ வெச்சுடுங்க, பேக்கரியை தாண்டி வர அது போதும். மத்தியானம் சோறு எவ்ளோ இருக்கோ அதே அளவு பொரியல். ராத்திரி சாப்பாடு 8 மணிக்கு, முருங்கைக்கீரை வாரத்துல மூணு நாள், சாப்பிட்ட உடனே டீ வேணாம், அது இரும்புச்சத்தை உடம்புல சேரவிடாது. சாயங்காலம் ஷட்டில், ஸ்கிப்பிங், எதுவோ ஒண்ணு.

வெயிட் மிஷினை பரண்ல ஏத்திடுங்க. பெரியம்மா, அத்தை யாராவது வந்து "என்னடி பூசுன மாதிரி இருக்க"ன்னு ஆரம்பிச்சா அங்கேயே நிறுத்துங்க, பாதி டயட் அந்த ஒத்தை வார்த்தையிலதான் ஆரம்பிக்குது. சாப்பிட்டதும் பாத்ரூமுக்குப் போய் வாந்தி எடுக்கறது, தட்டை ஒளிச்சு வைக்கறது, தலைசுத்தி விழறது, இதெல்லாம் இருந்தா டயட்டீஷியன் மட்டும் பத்தாது, மனநல டாக்டரையும் பாருங்க.

கேள்வி: வயசு 17. காலேஜ் சேர்றதுக்குள்ள சிக்ஸ் பேக் வரணும். ராத்திரி சாப்பாட்டை விட்டுட்டு புரோட்டீன் பவுடர் குடிக்கறேன். ஜிம்ல ஒரு அண்ணன் ஊசி போட்டா சீக்கிரம் வரும்கறார்.
– ஒரு தம்பி, சேலம்

பதில்: அந்த அண்ணன்கிட்டேர்ந்து மொதல்ல தள்ளி நில்லு தம்பி. அது ஸ்டீராய்டா இருந்தா, எலும்பு வளர்ற இடம் சீக்கிரமே மூடிக்கும், இன்னும் வளர வேண்டிய உயரம் அங்கயே நின்னுடும். உன் வயசுக்கு ஒரு நாளைக்கு 55 கிராம் புரோட்டீன் தேவை, ஜிம் போறதுனால கொஞ்சம் கூட வெச்சுக்கலாம். ரெண்டு முட்டைல 12, ரெண்டு டம்ளர் பால்ல 12, ஒரு கிண்ணம் சுண்டல்ல 10 வரும், மீதி சோறு பருப்புலயே வந்துடும். டப்பா காசுக்கு ஒரு நல்ல ஷூ வாங்கு, ராத்திரி சாப்டுட்டு எட்டு மணி நேரம் தூங்கு, தசை வளர்றது தூக்கத்துலயும்தான்.

கேள்வி: வெந்நீர்ல தேனும் எலுமிச்சையும் குடிச்சா தொப்பை கரையுமா அக்கா?
– ஒன்பதாம் வகுப்பு மாணவி, தஞ்சாவூர்

பதில்: கரையாதுடா. ஒரு பெரிய ஸ்பூன் தேன்லயே 60 கலோரி இருக்கு. டேஸ்ட் புடிச்சிருந்தா குடி, ஆனா அதுக்குன்னு காலைல இட்லியை விட்டுடாத.